சேயுள்ளம் கண்ட செம்மல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாட்டுச் செல்வர் மனைகளில் ஒரு வழக்கம் நிலவி வந்தது. குழந்தை பிறந்த சின்னாட்களிலேயே அதனை வளர்க்கும் பொறுப்பு முழுதும் செவிலித்தாயிடம் ஒப்புவிக்கப்படும். மனையின் மேல்தளத்தில் குழந்தைகளுக்கெனத் தனி அறைகள் உண்டு. உண்பதும் உறங்குவதும் ஆடுவதும் அங்கேயே. மாலையில் பெரியோர் தேநீர் அருந்தி முடித்தபின், குழந்தைகளுக்கு நல்லாடை உடுத்தித் தாயின்முன் கொணர்ந்து நிறுத்துவர். ஒரு மணி நேரம் கழிந்தால் மீண்டும் மேல்தளம்! ஈன்றவள் வன்னெஞ்சினள் என்பதனால் எழுந்த வழக்கமன்று இது. மிகுதியாகச் சீராட்டினால் குழந்தை கெட்டுவிடும் என்று கற்றோரும் அந்நாளில் நம்பினர். அத்தகைய மனையொன்றில் பிறந்து வளர்ந்தவர்தாம் ஜான் போல்பி. இளங்குழந்தைக்கு உணவும் உடையும் போலவே உற்றாரின் அணைப்பும் இன்றியமையாதது என்பதைப் பின்னாளில் ஆராய்ந்து நிலைநாட்டிய மருத்துவர் அவர்.

போல்பி 1907-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். உடன்பிறந்தார் அறுவருள் நான்காமவர். தந்தையார் சர் ஆண்டனி போல்பி அரச குடும்பத்தார்க்கும் அறுவை மருத்துவம் செய்த பெரும்புகழினர். அத்தந்தையின் இளமைக் கதையும் ஈண்டு அறியத்தக்கது. அவருக்கு ஐந்து அகவை இருக்கும்போதே, செய்தித்தாள் ஒன்றன் நிருபராய்ச் சீன நாட்டுப் போர்க்களம் சென்றிருந்த அவர் தந்தை, 1860-ஆம் ஆண்டில் பகைவரிடம் சிறைப்பட்டு மாண்டார். இளமையில் தந்தையை இழந்த அவர், தாம் தந்தையானபோது மக்களிடம் அளவளாவும் இயல்பினராக இல்லை. ஒருவர் இளமையில் பட்ட துயரின் நிழல் அடுத்த தலைமுறையின்மீதும் விழும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

ஜானுக்கு நற்றாயினும் அணுக்கமாய் அமைந்தவள் மின்னி என்னும் இளம் செவிலியே. அவளே அவரை எடுத்து வளர்த்தாள். அவருக்கு நான்கு அகவை நிரம்புமுன்னர் அவள் அம்மனையை விட்டுப் போய்விட்டாள். வேலைக்காரி ஒருத்தி விலகினாள், மற்றொருத்தி வந்தாள் என்ற அளவிலேயே வீட்டார் அதனைக் கருதினர். சிறுவனுக்கோ அது தாயை இழந்ததற்கு ஒப்பான துயராயிற்று. முதுமையிலும் அவர் அவளை மறந்திலர். 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. தந்தையார் போர்க்களத்து மருத்துவப் பணிக்காகப் பிரான்சு நாட்டிற்குச் சென்றார். பின்னர்ச் சிறுவன் ஜான் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அவ்வளவு இளமையில் பிள்ளைகளை வீட்டினின்றும் பிரித்து அனுப்பும் வழக்கத்தை அவர் தம் வாழ்நாள் முழுதும் வெறுத்தார்.

எனினும் தாயாரிடமிருந்து அவர் பெற்ற செல்வம் ஒன்றுண்டு. கோடை விடுமுறைகளில் அவ்வம்மையார் மக்களை நாட்டுப்புறத்திற்கு அழைத்துச் செல்வார். பூக்களின் பெயர்களையும் பறவைகளின் பழக்கங்களையும் தாமே எடுத்துரைப்பார். பறவை தன் குஞ்சைப் பேணும் விதத்தை மறைந்திருந்து நோக்கிய அச்சிறுவனின் கண்கள், பின்னாளில் பெரும் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன.

டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்ற போல்பிக்குக் கடல் வாழ்வு பொருந்தவில்லை. அலைகளின் ஆட்டத்தால் குமட்டல் கொண்டு வருந்தியதோடு, மக்களுக்குப் பயன்படும் தொழில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற வேட்கையும் அவரிடம் இருந்தது. ஆதலின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மருத்துவத்திற்குரிய பாடங்களையும் உளநூலையும் கற்று 1928-இல் பட்டம் பெற்றார். உடனே மருத்துவமனைக்குள் நுழைந்திருப்பின் அவர் மற்றுமொரு மருத்துவராய் வாழ்ந்து மறைந்திருக்கவும் கூடும். அவரோ, நடத்தை பிறழ்ந்த சிறுவர்க்கென அமைந்த பள்ளியொன்றில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அங்கே இரு சிறுவர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தனர். ஒருவன் திருடியமைக்காக முன்னைய பள்ளியினின்றும் நீக்கப்பட்ட இளைஞன். அவன் யாரோடும் ஒட்டுவதில்லை, அன்பு காட்டினும் முகம் மலர்வதில்லை, கடிந்துரைப்பினும் கலங்குவதில்லை. அவன் வரலாற்றை வினவியபோது, இளமையில் தாயென நிலையாக எவரும் அவனுக்கு வாய்த்திலர் என்பது புலனாயிற்று. மற்றவன் ஏழெட்டு அகவைச் சிறுவன்; எந்நேரமும் அஞ்சிய முகத்தினன். அவன் போல்பி சென்றவிடமெல்லாம் நிழல்போல் தொடர்ந்தான். ஒருவன் எவரையும் பற்றாதவன். மற்றவன் பற்றிய கையை விடாதவன். இவ்விரு நிலைகளுக்கும் வேர் ஒன்றே ஆகலாமோ என்னும் ஐயம் அவ்விளம் ஆசிரியரின் நெஞ்சில் முளைத்தது.

அவ்வையமே அவரை மீண்டும் இலண்டனுக்குச் செலுத்தியது. 1933-இல் மருத்துவராகத் தேறினார். 1937-இல் உளப்பகுப்பாய்வாளராகவும் தகுதி பெற்றார். அக்காலத்தில் அத்துறையில் தலைசிறந்து விளங்கியவருள் மெலனி கிளைன் என்னும் அம்மையாரும் ஒருவர். குழந்தையின் மனநோய்க்கு அதன் உள்ளத்துள் எழும் கற்பனைகளே காரணம். புறத்தே நிகழ்வனவற்றை ஆராய்தல் வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. அவருடைய மேற்பார்வையில் போல்பி மூன்று அகவைச் சிறுவன் ஒருவனுக்கு மருத்துவம் செய்தார். அவன் ஒரு நொடியும் அமைதியாய் இரான். அவனை அழைத்து வரும் தாயோ, அறைக்கு வெளியே கைகளைப் பிசைந்தவண்ணம் கலங்கிய முகத்தோடு அமர்ந்திருப்பாள். அவளொடு பேச வேண்டும் என்று போல்பி விழைந்தார், அம்மையார் இசையவில்லை. மூன்று திங்கள் கழிந்தபின் அத்தாய் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். மருத்துவம் தடைப்பட்டதே என்று அம்மையார் வருந்தினாரேயன்றி, தாயின் நோய்க்கும் மகனின் நிலைக்கும் தொடர்பு உண்டோ என்று எண்ணிப் பார்த்திலர். ஆசிரியரை மதித்தல் வேறு. கண்ணாற் கண்டதை மறுத்தல் வேறு. போல்பி அன்றே தமக்கெனத் தனிவழி வகுத்துக்கொண்டார்.

அவ்வழி எண்ணிக் கணக்கிடும் வழி. 1936 முதல் இலண்டனில் குழந்தைகள் வழிகாட்டு நிலையமொன்றில் அவர் பணியாற்றி வந்தார். அங்குக் கொணரப்பட்ட சிறுவருள் திருட்டுப் பழக்கமுடைய 44 பேரைத் தெரிந்தெடுத்தார். திருடும் பழக்கம் இல்லாது பிற மனக்குறைகளால் வந்த 44 பேரையும் ஒப்பு நோக்குவதற்காக வேறு பிரித்தார். ஒவ்வொருவரின் பிறப்பு முதலான வரலாற்றையும் பெற்றோரிடம் வினவிக் குறித்தார். திருடிய 44 பேருள் 14 பேர் அன்பு என்பதே அறியாதவர்போல் காணப்பட்டனர். அப்பதினால்வருள் 12 பேர் தம் முதல் ஐந்தாண்டுகளுக்குள் தாயினிடமிருந்தோ தாய்போன்றாரிடமிருந்தோ நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். திருடியோருள் எஞ்சிய 30 பேரில் அவ்வாறு பிரிந்தவர் ஐவரே. ஒப்பு நோக்கப்பட்ட 44 பேரிலோ இருவரே. 1944-இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. சிறுவன் திருடினால் தண்டிக்க வேண்டும் என்றோ, பிறவிக் குணம் என்று கைவிட வேண்டும் என்றோ எண்ணியிருந்தோர்க்கு இக்கணக்கு புதுவழியொன்றைக் காட்டிற்று. எனினும் எண்ணிக்கை சிறிது. வினவியவரும் முடிவு கண்டவரும் போல்பி ஒருவரே. இவ்விரு குறைகளையும் பின்வந்த அறிஞர்கள் எடுத்துக்காட்டினர், அது முறையே.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் முதல் மூன்று நாட்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, சிறுவரும் தாய்மாருமாக ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகரங்களினின்றும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டு முதல் ஐந்து அகவை வரையுள்ள குழந்தைகளைத் தாயின்றி அனுப்புதல் பெருந்தீங்கு விளைக்கக்கூடும் என்று போல்பியும் வின்னிகாட், இமானுவேல் மில்லர் என்னும் மருத்துவர் இருவரும் அவ்வாண்டு டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினர். உடலைக் காக்கும் அவசரத்தில் உள்ளத்தைப் பற்றி நினைப்பார் அரியராயிருந்த நேரம் அது.

போர் முடிந்தபின், 1946-இல் இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போல்பி தலைவரானார். அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று, அப்பிரிவின் பெயரைக் குழந்தைகள்-பெற்றோர் பிரிவு என மாற்றியது. பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு, அறைக்கு வெளியே கைபிசைந்து அமர்ந்திருந்த அத்தாயை நினைவூட்டினாற் போதும்.

1948-இல் அவரிடம் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்து நாட்டு எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு அம்மையார் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டும் வேலை செய்தவர். அவ்வில்லத்தில் எவ்வேலை செய்வோராயினும் குழந்தைகளிடம் காண்பனவற்றை அட்டையில் குறித்தல் வேண்டும் என்பது விதி. அதனால் உற்று நோக்கும் பயிற்சி அவருக்கு வாய்த்தது. மருத்துவமனைகளில் தங்கும் இளங்குழந்தைகளின் நிலையைக் கண்டுவருமாறு போல்பி அவரைப் பணித்தார்.

அக்காலத்து மருத்துவமனைகளின் விதிகளை இன்று கேட்போர் நம்புதல் அரிது. பெற்றோர் வாரத்தில் ஓரிரு நாள், ஓரிரு மணி நேரமே குழந்தையைக் காணலாம். இலண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் ஒரு திங்கள் முழுதும் பார்வையே இல்லை. குழந்தை உறங்கியபின் மாலையில் எட்டிப் பார்த்துச் செல்லலாம். மற்றொன்றில் மூன்று அகவைக்கு உட்பட்ட குழந்தையைத் தடுப்பின் வழியே நோக்கலாம்; தொடலாகாது. பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழுகிறது. வாராவிடில் அமைதியாய் இருக்கிறது. ஆதலின் வாராமையே நன்று என்று மருத்துவரும் தாதியரும் மனமார நம்பினர். ராபர்ட்சன் கண்டதோ வேறு. தாயைப் பிரிந்த குழந்தை முதலில் வீறிட்டழுது அவளைத் தேடுகிறது. சில நாட்கள் கழிந்தபின் நம்பிக்கை தளர்ந்து வாடிக் கிடக்கிறது. இறுதியில் பற்றறுத்துக்கொண்டு, வந்தார் எவரிடத்தும் சிரித்துப் பழகுகிறது. ஆனால் தாய் வரும்போது முகந்திருப்புகிறது. தாதியர் அமைதி என்று எண்ணி மகிழ்ந்தது இரண்டாம் நிலையை. குணம் என்று எண்ணி மகிழ்ந்தது மூன்றாம் நிலையை!

சொல்லால் எடுத்துரைத்தபோது மருத்துவர்கள் நம்பவில்லை. ஆகவே திரைப்படமாய் எடுத்துக் காட்டுவது என்று ராபர்ட்சன் துணிந்தார். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்ற பழி நேரலாகாது என்று போல்பி முன்னரே திட்டம் வகுத்துக் கொடுத்தார். காத்திருந்தோர் பட்டியலிலிருந்து குறிப்பின்றி ஒரு குழந்தை தெரிந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் குறித்த வேளையில் படம் எடுக்கப்பட்டது. சுவரிலிருந்த கடிகாரமும் படத்தில் விழுமாறு பார்த்துக்கொண்டனர். அக்குழந்தை கொப்பூழில் ஏற்பட்ட குடலிறக்கத்திற்காக எட்டு நாள் தங்க வந்த இரண்டரை அகவைப் பெண். வாய்விட்டு அழாத இயல்பினள். அவள் முகத்தில் அழுகை எழுவதும், அதனை அடக்க உதடுகள் துடிப்பதும், தாய் எங்கே என்று மெல்ல வினவுவதும் ஒலியற்ற அப்படத்தில் தெளிவாய்ப் பதிந்தன. இறுதி நாளில் வீடு திரும்பப் புறப்பட்டபோது, நீட்டிய தாயின் கையைப் பற்ற அவள் மறுத்துவிட்டாள்.

1952-ஆம் ஆண்டு நவம்பரில் இப்படம் இலண்டனில் அரச மருத்துவச் சங்கத்தின் அவையில் காட்டப்பட்டது. கூடியிருந்த மருத்துவருள் பலர் வெகுண்டெழுந்தனர். தம் தொழிலுக்கே இழுக்கு நேர்ந்தது என்றனர். படத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று கேட்டவரும் உண்டு. போல்பி அசையவில்லை. 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைக் காண இசைவளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருந்ததேயன்றி நாட்டில் விரைந்து பரவவில்லை. 1961-இல் இலண்டனைச் சார்ந்த பாட்டர்சீ என்னும் பகுதித் தாய்மார் சிலர் கூடிச் சங்கம் அமைத்து மருத்துவமனைதோறும் சென்று வற்புறுத்திய பின்னரே கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.

இஃது இவ்வாறாக, போர் முடிந்த ஐரோப்பாவில் வீடிழந்து பெற்றோரைப் பிரிந்த சிறுவர் எண்ணற்றோர் இருந்தனர். அவர்தம் மனநலம் குறித்து அறிக்கை தருமாறு உலக சுகாதார நிறுவனம் போல்பியை வேண்டிற்று. 1950-இல் அவர் பிரான்சு, நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று, ஆங்காங்குள்ள அறிஞர்களோடு உசாவினார். ஒருவரையொருவர் அறியாத அவர்கள் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருந்தமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. 1951-இல் வெளிவந்த அவ்வறிக்கை, குழந்தை தாயுடனோ தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவருடனோ இடையறாத அன்புறவு பெறுதல் வேண்டும் என்றும், உடலுக்கு உயிர்ச்சத்துப் போன்றது உள்ளத்திற்கு அவ்வுறவு என்றும் வற்புறுத்தியது. தூய்மையும் ஒழுங்கும் மிக்க பெரிய குழந்தை இல்லங்களைவிட, எளிய குடும்பம் ஒன்றன் அரவணைப்பே மேல் என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று.

ஆயினும், தாய் இத்துணை இன்றியமையாதவளாவது ஏன்? அவள் பாலூட்டுவதனால் குழந்தை அவளை விரும்புகிறது என்பதே அந்நாளைய விடை. போல்பிக்கு அது நிறைவு தரவில்லை. கான்ராட் லாரன்ஸ் என்னும் அறிஞர் வாத்தினத்தைப் பற்றி எழுதியவற்றை 1951-இல் அவர் படித்தார். முட்டையினின்றும் வெளிவந்த குஞ்சு, முதலிற் கண்ட உருவத்தைத் தாயெனப் பற்றித் தொடர்கிறது. அதற்குத் தாய் இரை ஊட்டுவதில்லை. அது தானே மேய்கிறது. எனவே பற்று வேறு, பசி வேறு. சிறுபிராயத்தில் பறவைகளை நோக்கிய கண்கள் மீண்டும் விழித்துக்கொண்டன. 1958-இல் அமெரிக்க அறிஞர் ஹாரி ஹார்லோ தம் சோதனையை வெளியிட்டார். குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு தாயும் துணியால் ஒரு தாயும் செய்து வைத்தார். பால் கம்பித்தாயிடம் கிடைத்தபோதும், குட்டிகள் துணித்தாயையே பெரும்பொழுதும் தழுவிக் கிடந்தன. கொடிய விலங்குகள் திரிந்த பழங்காட்டில், தாயை அகலாத குழந்தையே உயிர் பிழைத்தது. ஆதலின் பற்றிக்கொள்ளும் இயல்பு பிறவியிலேயே அமைந்தது என்று போல்பி துணிந்தார். இக்கொள்கையை அவர் உளப்பகுப்பாய்வாளர் சங்கத்தில் படித்தபோது, உடன் பயின்றோரே எதிர்த்தனர். மனிதக் குழந்தையை வாத்தோடும் குரங்கோடும் ஒப்பிட்டார் என்று எள்ளியோரும் இருந்தனர்.

எதிர்ப்புகளுள் ஏற்கத்தக்கனவும் இருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. போல்பியின் அறிக்கையைக் காட்டித் தாய்மார் வேலைக்குச் செல்லலாகாது என வாதிட்டோர் பலர். அதனால் எத்துணையோ தாய்மார் குற்றவுணர்வால் வருந்தினர். பல கைகள் மாறி மாறி ஏந்தி வளர்க்கும் சமுதாயங்களில் குழந்தைகள் நலமுடனே வளர்கின்றன என்று மார்கரெட் மீட் என்னும் மானிடவியல் அறிஞர் சுட்டிக்காட்டினார். தந்தையும் பாட்டியும் உடன்பிறந்தாரும் பெறும் இடம் போல்பியின் முற்பட்ட எழுத்துகளில் குறைவே.

அவர்தம் பெருமை இங்கேதான் விளங்குகிறது. நான்கு அகவைக்கு முன்னரே காசநோய் மருத்துவ விடுதியில் பல திங்கள் பிரிந்திருந்த 60 குழந்தைகளை அவரும் துணைவர்களும் பின்னாளில் தேடிச்சென்று ஆராய்ந்தனர். தாம் எதிர்பார்த்த அளவு கேடு அவர்களிடம் காணப்படவில்லை; பலர் பிறரைப்போலவே இயல்பாய் வளர்ந்திருந்தனர். தம் கொள்கைக்கு மாறான அம்முடிவை 1956-இல் அவரே வெளியிட்டார். பிரிந்த குழந்தைகள் பெரும்பாலும் கொடிய மனக்கேட்டுக்கு ஆளாவர் என்று முன்னர்த் தாம் கூறியது மிகைக்கூற்று என்றும் ஒப்புக்கொண்டார். பிரிவு தீங்கு செய்யலாம். ஆனால் அது விதியன்று.

அவருடைய ஆராய்ச்சியை வளர்த்துச் சென்றவர் மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார். 1950-இல் இலண்டனில் போல்பியிடம் பணியேற்ற இவர், பின்னர் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டுச் சிற்றூர்களிலும், அதன்பின் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் வீடுவீடாய்ச் சென்று தாயையும் சேயையும் நோக்கினார். அழுகை கேட்டு விரைந்து எடுத்த தாயரின் குழந்தைகள், ஓராண்டு நிறைவில் குறைவாகவே அழுதன. எடுத்தால் கெடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது நேர் மாறு. குழந்தையின் பற்று எத்தகையது என்பதைத் தாய் பிரியும்போதைவிட அவள் திரும்பி வரும்போதே அறியலாம் என்பதும் அவர் கண்டது. தாயைக் கண்டதும் ஓடிவந்து தழுவி, உடனே ஆறி, மீண்டும் விளையாடச் செல்லும் குழந்தை அவளைப் புகலிடமாய்க் கொண்டது.

இவை அனைத்தையும் தொகுத்துப் போல்பி பற்றும் இழப்பும் குறித்த தம் பெருநூலை 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1938-இல் அர்சுலா அம்மையாரை மணந்த அவருக்கு மக்கள் நால்வர். பிறர் மக்களுக்காக உழைத்த அவர், தம் மக்களோடு அமர்ந்திருக்க நேரமின்றி இருளில் வீடு திரும்புவார். தொழிலைப் பற்றியும் வாய் திறவார். தந்தை கள்வரோ என்று அவர் மகனொருவன் வினவியதாகக் கூறுவர். கோடை விடுமுறையை மட்டும் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கழிப்பது வழக்கம்.

அவர் இறுதியாக எழுதியது சார்லஸ் டார்வினின் வரலாறு. எட்டு அகவையில் தாயை இழந்து, அத்துயரைப் பேசவும் இடம்பெறாத சிறுவனாகவே அப்பேரறிஞரை அவர் கண்டார். டார்வினை வாழ்நாளெல்லாம் வாட்டிய நோய்க்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்றும் கருதினார். அந்நூல் 1990-இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், ஸ்கை தீவில், தம் 83-ஆம் அகவையில் போல்பி காலமானார்.

அவர் மறைவதற்குச் சில திங்கள் முன்னர்த்தான் ருமேனியா நாட்டில் ஆட்சி மாறி, அங்குள்ள குழந்தை இல்லங்களின் கதவுகள் உலகின்முன் திறந்தன. தொட்டில்களில் தொடுவாரின்றிக் கிடந்த குழந்தைகளை உலகம் கண்டது. பின்னர் அமெரிக்க அறிஞர்கள் அந்நாட்டின் தலைநகராகிய புக்காரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு நெடிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினர். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டனர். அவர்கள் அறிவாலும் மனநலத்தாலும் இல்லத்தில் எஞ்சியோரினும் மேம்பட்டனர். அவர்களுள்ளும் இரண்டு அகவை நிரம்புமுன் ஒரு தாயின் மடியை அடைந்த குழந்தைகளே, அவளைக் கண்டதும் ஓடிவந்து தழுவும் பற்றினைப் பெரிதும் பெற்றிருந்தன.